கண்ணாடிக்கும் ட்ரெயிலருக்கும் இடையில்

பிளேஸ்டோ, லண்டன்
13.03.2005

அன்புள்ள அண்ணைக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் பிரிக்காமல் ஒரு பக்கத்தில் போட்டுவிடாதீர்கள். இது சமாதானம் பேச எழுதும் கடிதம் இல்லை. போன ஓகஸ்டில் துஷ்யா பெரியபிள்ளையான சாமத்தியவீட்டில் நடந்ததை நான் கிளறவும் போவதில்லை. அத்தனை சனத்துக்கு நடுவில் நீங்கள், "இந்த ரெஜிபோம் யானையளை மேய்க்கத்தானோ ஜேர்மனியிலை இருந்த நல்ல வேலையை விட்டது?" என்று கேட்டதும், இவர், "தாய்மாமன் தேங்காய் உடைக்க வந்தால் தேங்காயை உடைச்சுப்போட்டுப் போகவேணும்" என்று சொன்னதும், நீங்கள் கை நனைக்காமல் கனடாவுக்குப் பிளேன் ஏறியதும் இரண்டு ஆண்களுக்கிடையில் நடந்த சங்கதி. நீங்களே தீர்த்துக்கொள்ளுங்கள்.

எனக்குப் பயமாக இருக்கிறது. அதற்காகத்தான் எழுதுகிறேன். இவரைத் தவிர எனக்குத் தெரிந்த ஒரே லொறிக்காரர் நீங்கள்தான்.

போனில் கதைத்தால் நீங்கள் கத்துவீர்கள், நான் அழுவேன், அளவும் கணக்கும் ஒன்றும் தலையில் நிற்காது. பதிலைப் பக்கத்து ஊரான பார்க்கிங்கில் இருக்கும் யோகமலர் வீட்டுக்குப் போடுங்கள். என்னோடு மருந்துக்கடையில் வேலை செய்கிறவள், நம்பலாம். விலாசம் மறுபக்கத்தில். இவருக்குத் தெரியவேண்டாம்.

கலியாணங்களுக்கு மணவறை கட்டிக்கொடுக்கிற இவருடைய தொழில் இப்போது நன்றாகப் பிடித்துவிட்டது. இந்த வைகாசியில் மட்டும் ஐந்து கலியாணம். இதுவரை வாடகைக்கு எடுத்த வான் வண்டியில் தூண்களை ஒருதரமும் ரெஜிபோம் நுரையில் செய்த யானைகளையும் கதிரைகளையும் மறுதரமுமாக ஏற்றிப் பறித்தார். இனி அது சரிவராது என்று மாசியில் ஒரு பிக்கப் வாங்கினார். அமெரிக்காவில் இருந்து யாரோ இறக்கியது. நாலு கதவு, இரண்டு வரிசை இருக்கை. ஆட்கள் இருக்க இடம் கூடினதால் பின்னாலிருக்கிற சாமான் பெட்டி கட்டையாகப் போய்விட்டது. அதோடு ஒரு பெரிய ட்ரெயிலரும் வாங்கினார். இது வாகனத்தின் வாலில் கொழுவி இழுக்கிற வகை இல்லை. இதன் மூக்கு பிக்கப்பின் பெட்டிக்கு மேலே ஏறி வந்து, பின்சில்லுகளுக்கு நேர் மேலே பூட்டிக்கொள்கிறது. அப்படிப் பூட்டுவதற்கு ஒரு ஹிட்ச் வாங்கிப் பெட்டிக்குள் போல்ட் போட்டு இறுக்கவேண்டும். அதைத்தான் இப்போது தேடித் திரிகிறார்.

ட்ரெயிலரை விற்ற வெள்ளைக்காரர் தன்னுடைய ஹிட்சை எங்கள் பிக்கப்பில் தற்காலிகமாகப் பூட்டி, இழுத்துக்கொண்டு வந்து தந்தார். எங்கள் களஞ்சியம் ரயில் பாலத்து வளைவுக்குக் கீழே இருக்கிறது. அந்த ஒழுங்கைக்குள் திருப்பும்போது நான் பக்கத்தில் நின்றேன். ட்ரெயிலரின் முன்மூலை மெல்ல மெல்ல பிக்கப்பின் பின்கண்ணாடியை நோக்கி வந்தது. ஒரு விரல் இடைவெளியில் அந்த மனிதர் நிறுத்தி, இறங்கிப் பார்த்து, பின்னுக்கு எடுத்து, வேறு விதமாகத் திருப்பினார். இவர் சிரித்துக்கொண்டு நின்றார். "பாத்தீரே, விரல் அளவிலை நிப்பாட்டுறான்" என்றார். நான் அந்த விரல் அளவைத்தான் பார்த்தேன்.

அண்ணை, சனிக்கிழமைகளில் துஷ்யா அப்பாவோடு போகிறாள். சரம் கட்டுவதும் துணி மடிப்பதும் அவள் வேலை. பின்சீட்டில் ஏறியதும் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு, தலையைப் பின்கண்ணாடியில் சாய்த்து நித்திரையாகிவிடுவாள்.

ஷெல் அடித்த காலத்தில் ஊரோடு சேர்ந்து பயந்தோம். ஆள் ஆளுக்குப் பயத்தைப் பங்கு போட்டோம். இது நான் தனியே பயப்படுகிற பயம். இது வெறும் பயமா, காரணம் இருக்கிற பயமா என்று மட்டும் சொல்லுங்கள்.

குமுதினி


கல்கரி
29.03.2005

குமுது,

உனக்குத்தான் எழுதுறன், உன்ர மனுசனுக்கு இல்லை. அதை முதல் விளங்கிக்கொள்.

நீ பயப்பிடுறதுக்குக் காரணம் இருக்கு. ஆறுதல் சொல்ல எனக்குத் தெரியாது.

உந்த வகையை இஞ்சை ஃபிஃப்த் வீல் எண்டு சொல்லுவினம். பேர்தான் ஐஞ்சாம் சில்லு, சில்லு ஒண்டும் இல்லை. ட்ரெயிலரின்ர மூக்குக்குக் கீழை ஒரு தடிச்ச இரும்பு முளை நிக்கும். அது போய் ஹிட்சின்ர வாய்க்குள்ளை இருக்கும். வாய் பூட்டும். நேரை ஓடேக்கை அதைப் போலப் பத்திரமான இழுவை வேறை இல்லை. பாரம் முழுக்க அச்சுக்கு மேலை இருக்கும், வால் ஆடாது. பிழை எல்லாம் திருப்பேக்கைதான். பெட்டி நீளமான பிக்கப் எண்டால் கண்ணாடி தூரத்திலை இருக்கும். கட்டைப் பெட்டி எண்டால் கண்ணாடி கிட்ட. அந்த முளையைச் சுத்தித்தான் ட்ரெயிலர் திரும்பும். முழுசாத் திரும்பினால் அதின்ர பக்கம் உன்ர பிள்ளை இருக்கிற இடத்துக்கு வரும்.

நம்பாட்டி அளந்து பார். பின்சில்லின்ர நடுவிலை இருந்து கண்ணாடி வரைக்கும் எத்தினை அங்குலம் எண்டு எடு. பிறகு ட்ரெயிலரின்ர அகலத்தை எடுத்துப் பாதியாக்கு. முதலாவது ரெண்டாவதை விட நாலு அங்குலமாவது கூட இருக்கவேணும். குறைவு எண்டால், எவ்வளவு கெட்டிக்காரன் ஓடினாலும் ஒரு நாளைக்கு அடிக்கும்.

ஹிட்சிலை மூண்டு வகை. ஒண்டு அசையாது, போட்ட இடத்திலையே நிக்கும். அது கட்டைப் பெட்டிக்கு ஆகாது. ரெண்டாவது ஸ்லைடர். வளைவு வர முதல் இறங்கிப் போய் ஒரு கைப்பிடியை இழுத்தால், ஹிட்ச் ஒரு அடி பின்னுக்குப் போகும். ட்ரெயிலர் கண்ணாடியை விட்டு விலகும். திருப்பி முடிய, முன்னுக்கு எடுத்துப் பூட்டவேணும். மூண்டாவது அதையே தானாச் செய்யும், ஓட்டமெற்றிக். ரெண்டாவதையும் மூண்டாவதையும் பிறகு பேசுவம். முதலாவதை மட்டும் வாங்க விடாதை.

என்ர பேரைச் சொல்லாதை. சொன்னால் பிடிவாதத்துக்கு எண்டே அதைத்தான் வாங்கும் அந்த மனுசன்.

ஆர் ஓடினாலும் பிள்ளையைப் பின்சீட்டிலை இருத்தாதை.

இராஜேந்திரன்


பிளேஸ்டோ
07.05.2005

அன்புள்ள அண்ணைக்கு,

அளந்தேன். இவர் மரக்கறிச் சந்தைக்குப் போன நேரம் சட்டை தைக்கிற அளவு நாடாவை எடுத்துக்கொண்டு களஞ்சியத்துக்குப் போனேன். துஷ்யா மறுமுனையைப் பிடித்தாள்.

"அம்மா, வட் ஆர் யூ டூயிங்? அப்பாவுக்குச் சட்டை தைக்கிறீங்களா, ட்ரக்குக்கா?"

"பேசாமல் பிடி. எத்தினை எண்டு வாசி."

கண்ணாடி வரைக்கும் முப்பத்தெட்டு. ட்ரெயிலரில் பாதி நாற்பத்தைந்து. நான் திரும்பத் திரும்ப அளந்தேன். ஏழு அங்குலம் அவள் தலைக்குள்தான் போகும் என்று என் மனம் கணக்குப் போட்டது. அவள் நாடாவைச் சுருட்டி என் கையில் தந்துவிட்டு, பசிக்கிறது என்றாள்.

அன்றைக்கே இவரிடம் சொன்னேன்.

"இஞ்சருங்கோ, அந்த அசையாத ஹிட்ச் எங்கடைக்குச் சரிவராதாம்."

"ஆர் சொன்னது?"

"நூலகத்திலை ஒரு புத்தகத்திலை பாத்தன்."

"மருந்துக்கடையிலை நிக்கிற உமக்கு லொறிப் புத்தகம் என்னத்துக்கு? நான் ஜேர்மனியிலை பனிக்குள்ளை லொறி ஓடினவன். மெல்லத் திருப்பினால் ஒண்டும் நடவாது."

அடுத்த கிழமை ஒரு பழைய சாமான் யார்டில் இருந்து ஹிட்ச் வாங்கிவந்து தானே பூட்டினார். நீங்கள் வேண்டாம் என்ற அதே வகை. நான் ஒருநாள் முழுக்கப் பேசவில்லை. இவர் அதைக் கவனிக்கவும் இல்லை. கலியாணக்காரரின் போன் ஓயாமல் அடித்துக்கொண்டிருக்கிறது.

எனக்கு வேறு வழி தெரியவில்லை அண்ணை. போன செவ்வாய்க்கிழமை வெஸ்ட் ஈலிங் துர்க்கை அம்மன் கோயிலுக்குப் போய் நேர்ந்துகொண்டு வந்தேன். மஞ்சள் துணியில் காசு முடிந்து, அந்த ஹிட்சின் பக்கத்தில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கைப்பிடித் தண்டில், அடியோடு சேர்த்து இறுக்கிக் கட்டிவிட்டேன். இவர் கண்ணில் படாமல் உள்பக்கமாக முடிச்சைத் தள்ளி வைத்தேன். ஊரில் பத்து வருடம் விஞ்ஞானம் படிப்பித்தவள் செய்கிற வேலையா இது என்று நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். அன்றிரவுதான் ஒழுங்காக நித்திரை வந்தது.

முதல் ஓட்டம் 21ஆம் தேதி சனிக்கிழமை. மறுநாள் லேய்ட்டனில் கலியாணம். காலையில் ராகுகாலம் தொடங்க முதல், ஒன்பது மணிக்குள் களஞ்சியத்தை விட்டு வெளிக்கிடவேண்டும் என்று இப்போதே சொல்லிக்கொண்டிருக்கிறார். துஷ்யாவை மறிக்கமுடியவில்லை. பூ வேலைக்கு அவளைத்தான் நம்பியிருக்கிறாராம். முன்சீட்டில் பூக்கூடையும் குத்துவிளக்கும் வரும், அதனால் அவள் பின்னுக்குத்தானாம். நானும் அவளோடு போகிறேன். அருகில் இருந்து என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது.

குமுதினி


கல்கரி
21.05.2005

குமுது,

இந்தக் கடிதம் உன்ர கைக்கு வர எல்லாம் முடிஞ்சிருக்கும். முடிஞ்சது எப்பிடி எண்டு தெரியாமல் எழுதுறன். கை சும்மா இருக்குதில்லை.

பன்னிரண்டு நாள் வன்கூவர் பக்கம் ஓட்டத்திலை நிண்டன். வீட்டுக்கு வந்து உன்ர கடிதத்தைப் பிரிச்சன். மஞ்சள் துணி எண்ட இடத்திலை நிண்டிட்டன்.

அந்தக் கைப்பிடி சும்மா நீட்டிக்கொண்டு நிக்கிற தடி இல்லையடி. முளை வாய்க்குள்ளை போனதும் ஸ்பிரிங் அதை உள்ளுக்கு இழுக்கும். அது கடைசி வரைக்கும் உள்ளுக்குப் போனால்தான் வாய் பூட்டினது. நீ கட்டேக்கை ட்ரெயிலர் இல்லாமல் கைப்பிடி வெளியிலை நிண்டிருக்கும். அதின்ர அடியிலை துணியைச் சுத்திக் காசையும் முடிஞ்சு வைச்சால் அது எப்பிடி உள்ளுக்குப் போகும்? பாதி பூட்டின வாய். பாக்கிறவனுக்குப் பூட்டினது மாதிரித்தான் இருக்கும். முதல் மேட்டிலையோ முதல் பிறேக்கிலையோ முளை வெளியாலை வரும். ட்ரெயிலர் அப்பிடியே பெட்டிக்கு மேலை விழுந்து முன்னுக்கு வரும்.

மணிக்கூட்டைப் பாத்தன். லண்டனிலை காலமை எட்டரை தாண்டியிட்டுது. உங்கட வீட்டுக்கு அடிச்சன், ஆளில்லை. சாமத்தியவீட்டண்டு உன்ர மனுசன் ஹோல் முழுக்கக் குடுத்த மணவறை கார்ட் ஒண்டு என்ர கோட்டுக்குள்ளை கிடந்தது. கிழிச்செறிய எண்டு வைச்சிருந்தது. அதிலை மொபைல் நம்பர் இருந்தது.

எடுத்தவர். "வணக்கம், சற்குணம் மணவறைச் சேவை" எண்டார். பின்னாலை வாகனச் சத்தம்.

"நிப்பாட்டு" எண்டன். "இறங்கிப் போய் ஹிட்சின்ர கைப்பிடியைப் பார்."

"ஆர் கதைக்கிறது?"

"உன்ர மச்சான். குமுது அதிலை துணி கட்டியிருக்கிறாள். நிப்பாட்டு."

ஒரு சத்தமும் இல்லை. பிறகு ஹோர்ன் சத்தம் ஒண்டு, நீளமா. பிறகு கட்டாயிட்டுது.

அதுக்குப் பிறகு எடுக்கிறாரில்லை. எத்தினை தரம் அடிச்சிட்டன். ரிங் போகுது. உன்ர அண்ணி தேத்தண்ணி கொண்டுவந்து வைச்சவள், ஆறிப்போச்சுது.

அந்த ஹோர்ன் ஆருடையது எண்டு மட்டும் தெரிஞ்சால் காணும்.

குமுது, போன் எடு.

அண்ணை


பிளேஸ்டோ
29.05.2005

அன்புள்ள அண்ணைக்கு,

அன்றைக்குப் பின்னேரம் நான் போனில் "இருக்கிறம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் வாய் வரவில்லை. நடந்ததை இப்போது எழுதுகிறேன். இனிப் பதிலை வீட்டு விலாசத்துக்கே போடலாம். எல்லாம் தெரிந்துவிட்டது.

ஹோர்ன் எங்களுக்குப் பின்னால் வந்த பஸ்ஸினுடையது. நீங்கள் எடுத்தபோது பார்க்கிங் றோட்டில் போய்க்கொண்டிருந்தோம். இவர் அப்படியே பஸ் தரிப்பிடத்துக்குள் விட்டு நிறுத்தினார். இறங்கினார். நானும் இறங்கினேன். அவர் பெட்டிக்குப் பக்கத்தில் நின்று உள்ளே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கிட்ட வரச்சொல்லிக் கையால் காட்டினார். கைப்பிடி இரண்டு விரல் அளவு வெளியே நின்றது. இடையில் என் மஞ்சள் துணி நசுங்கிச் சப்பையாகிக் கிடந்தது.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. துணியைப் பிடித்து இழுத்தார். அது கிழிந்துதான் வந்தது. காசு தாரில் விழுந்து உருண்டு போனது. நான் குனிந்தேன்.

"விடும்" என்றார். அவ்வளவுதான்.

பிறகு தண்டைத் தட்டி உள்ளே அனுப்பி, பூட்டியதா என்று முன்னுக்கு ஒருதரம் மெல்ல இழுத்துப் பார்த்தார். வழமையாக அதைச் செய்கிறவர்தான். அன்று ராகுகாலத்துக்கு முதல் வெளிக்கிட வேண்டும் என்ற அவசரத்தில் விட்டுவிட்டார். நான் கட்டினேன், அவர் பார்க்கவில்லை. எங்கள் இருவருடைய பக்தியும் சேர்ந்து பிள்ளையைக் கொல்லப் பார்த்தது.

துஷ்யா கண்ணைத் திறந்து, "வந்திட்டமா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். திரும்பவும் கண்ணாடியில் சாய்ந்துவிட்டாள்.

அண்ணை, இத்தோடு முடிந்திருந்தால் நான் இன்றைக்கு நிம்மதியாக எழுதியிருப்பேன். லேய்ட்டன் ஹோலுக்குப் போகிற பாதை ஒரு ஒடுங்கின ஒழுங்கை. அதற்குள் இடப்பக்கம் முழுசாகத் திரும்பவேண்டும். அந்த மூலையைக் கண்டதும் என் கை தானாகக் கதவைத் திறந்தது. "துஷ்யா, இறங்கு" என்றேன். "அம்மா, இட்ஸ் ரெயினிங்" என்றாள். கையைப் பிடித்து இழுத்து இறக்கினேன். "உமக்கு இண்டைக்கு என்ன நடந்தது?" என்று இவர் கேட்டார். பிறகு ஜன்னலால் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் திருப்பத் தொடங்கினார்.

மெல்லத்தான் திருப்பினார். நடைவேகம்கூட இல்லை. நாங்கள் இருவரும் மழைக்குள் நடைபாதையில் நின்று பார்த்தோம். அந்த மூலை வந்தது. அவர் தன் பக்கக் கண்ணாடியில் சில்லைப் பார்த்துக்கொண்டிருந்தார், முதுகுக்குப் பின்னால் மூலை வருவது அவருக்குத் தெரியவில்லை. நான் கத்தினேன். பிள்ளையின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேன் என்றால் பிறகு நீலம் பாரித்திருந்தது. பெரிய சத்தம் ஒன்றும் கேட்கவில்லை. கற்கண்டு கொட்டியது போலக் கண்ணாடி முழுக்கப் பின்சீட்டுக்குள் கொட்டியது. ட்ரெயிலரின் மூலை, தலை சாய்க்கிற மெத்தையை அழுத்திக்கொண்டு நின்றது.

துஷ்யா காதிலிருந்ததைக் கழற்றினாள். "அது நான் இருக்கிற இடம்" என்றாள். தமிழில் சொன்னாள்.

மணவறையைக் கட்டி முடித்தோம். கலியாணம் நடந்தது. பொம்பிளையின் தாய் யானைகளுக்குப் பக்கத்தில் நின்று படம் எடுத்தா. நான் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். படம் வந்தால் பார்க்க எனக்கு விருப்பமில்லை.

இவர் நாலு நாள் பேசவில்லை. ஐந்தாம் நாள் சோற்றைப் பிசைந்துகொண்டு, "உம்மடை கொண்ணர் ஏன் எடுத்தவர்? எனக்கோ?" என்று கேட்டார்.

"துஷ்யாவுக்கு" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றார். இன்னொரு கவளம் விழுங்கிவிட்டு, "எது நல்லது எண்டு கேளும். இறங்கி இழுக்கிறதோ, தானாப் போறதோ. நான் கேட்டதா எழுதவேண்டாம்" என்றார்.

எழுதிவிட்டேன்.

குமுதினி


கல்கரி
09.06.2005

குமுது,

அந்த மனுசன் கேட்டதா நீ எழுதேல்லை, நான் வாசிக்கவும் இல்லை. சரியே.

ரெண்டு வகையும் நல்லதுதான். நான் வைச்சிருக்கிறது இறங்கி இழுக்கிறது. பாரம் குறைவு, கழட்டிப் பூட்டுறது லேசு, பழுதாக அதிலை பெரிசா ஒண்டும் இல்லை. ஆனால் எனக்கு இஞ்சை ஒரு நாளைக்கு ஒரு வளைவு வரும். இறங்குவன், இழுப்பன், திருப்புவன், திரும்ப இறங்கிப் பூட்டுவன். அவசரம் இல்லை. பின்னாலை பஸ் வராது, நிக்கிறது மாடுதான்.

ஓட்டமெற்றிக் பாரம் கூட. ட்ரெயிலரின்ர முளையிலையும் ஒரு தட்டு இறுக்கவேணும், அப்பதான் ட்ரெயிலர் திரும்பேக்கை ஹிட்சையும் சேர்த்துத் திருப்பிப் பின்னுக்குத் தள்ளும். நேரானதும் தானா முன்னுக்கு வரும். ஆர் மறந்தாலும் அது மறக்காது. மாசத்துக்கு ஒருக்கா கிறீஸ் போடவேணும்.

ஆக, வித்தியாசம் இரும்பிலை இல்லை, ஓடுற ஆளிலை. இதுக்குப் பதில் எனக்குத் தெரியாது, கடைக்காரனுக்கும் தெரியாது, உனக்குத்தான் தெரியும். லண்டன் றோட்டிலை, பின்னாலை பஸ் ஹோர்ன் அடிக்க, ஹோலிலை ஐயர் காத்திருக்க, உன்ர மனுசன் ஒவ்வொரு வளைவுக்கும் இறங்குவாரோ?

அவருக்காகச் சொல்லாதை. எனக்காகவும் சொல்லாதை. உண்மையைச் சொல்.

யானை நல்ல யானை எண்டு அண்ணி சொல்லச் சொன்னவள்.

அண்ணை


பிளேஸ்டோ
26.06.2005

அன்புள்ள அண்ணைக்கு,

நீங்கள் கேட்டதற்குப் பதில்: இறங்கமாட்டார்.

இந்தச் சொல்லை எழுதுவதற்கு எனக்கு நிறைய நேரம் எடுத்தது. கட்டின மனிதரைக் காட்டிக்கொடுக்கிற மாதிரி இருந்தது, அதுவும் உங்களிடம். இவர் சோம்பேறி இல்லை. ஜேர்மனியில் பனிக்குள் யாருடைய கார் சறுக்கி நின்றாலும் முதலில் இறங்கித் தள்ளுகிறவர் இவர்தான். ஆனால் கலியாண நாளில் இவர் வேறு ஆள். மற்றவர்களுடைய நல்ல நேரத்தைத் தன் தோளில் சுமந்துகொண்டு ஓடுகிறார். அந்த நேரம் தவறிவிடக்கூடாது என்கிற பயம்தான் இவருக்கு. எனக்கு ஒரு பயம் இருப்பது போல இவருக்கும் ஒன்று இருக்கிறது என்பதை நான் இத்தனை வருடம் யோசித்ததில்லை. இரண்டு பயமும் ஒரே வாகனத்தில் போகின்றன. அவருடையது வேகமாகப் போகச் சொல்கிறது.

உங்கள் கடிதத்தை மேசையில் வைத்தேன். வாசித்தார். மாடு என்ற இடத்தில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது, சிரிப்பாகத்தான் இருக்கவேண்டும்.

"இறங்கி இழுக்கிறதே காணும்" என்றார். "ட்ரெயிலரிலை தட்டு இறுக்கத் தேவையில்லை. நான் இறங்குவன்."

"ஒவ்வொரு வளைவுக்குமோ?"

"நான் என்ன சின்னப்பிள்ளையே? கண்ணாடி உடைஞ்சதை நானும்தானே பாத்தன்."

நான் வாதாடவில்லை. மறுநாள் களஞ்சியத்துக்குப் போனோம். புதுக் கண்ணாடி போட்டாகிவிட்டது. இவர் ஏறிச் சாவித்துளைக்குள் திறப்பைப் போட்டார். நான் பின்கதவைத் திறந்து, துஷ்யா இருக்கிற இடத்தில் ஏறி இருந்து, தலையைக் கண்ணாடியில் சாய்த்தேன்.

"அங்கை என்ன செய்யிறீர்?"

"இனித் துஷ்யா முன்னுக்கு. பூக்கூடையை ட்ரெயிலருக்குள்ளை ஏத்துங்கோ. பின்னுக்கு நான்."

"உமக்கென்ன விசரே?"

"நீங்கள்தானே ஒவ்வொரு வளைவுக்கும் இறங்குவன் எண்டனீங்கள். பிறகு எனக்கு என்ன பயம்? இப்ப மணி எட்டே முக்கால் எண்டு நினையுங்கோ. ஐயர் போன் எடுத்திட்டார். பின்னாலை பஸ் நிக்குது. வெளிக்கிடுங்கோ."

அது விளையாட்டுக்குச் சொன்னது இல்லை அண்ணை. சொல்லும்போதே என் பிடரி குளிர்ந்தது. கண்ணாடி அவ்வளவு மெல்லிசாக இருக்கும் என்று எனக்கு முதல் தெரியாது. பாலத்துக்கு மேலே ரயில் போனால்கூட அது தலைக்குள் அதிர்கிறது. என் பிள்ளை இதில் சாய்ந்துதான் இத்தனை நாள் நித்திரை கொண்டாள்.

இவர் முன்னால் தொங்கும் சின்னக் கண்ணாடிக்குள்ளால் என்னைப் பார்த்தார். திறப்பில் வைத்த கையைத் திருப்பவில்லை. பொய் சொன்னால் நான் கண்டுபிடிப்பேன் என்று அவருக்குத் தெரியும். கலியாணம் கட்டி இருபது வருடம். திறப்பைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் போட்டார்.

"இறங்கமாட்டன்" என்றார். "முதல் ரெண்டு வளைவுக்கு இறங்குவன். மூண்டாவதுக்கு இறங்கமாட்டன்."

"தெரியும்."

"தானாப் போறதை எடுப்பம்."

எடுத்தோம். தட்டை இறுக்கவும் ஹிட்சைப் பூட்டவும் இந்த வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். தானே பூட்டுகிறேன் என்று இவர் சொல்லவில்லை. நான் ஒரு துணியும் கட்டவில்லை. உருண்டு போன காசுக்குப் பதிலாக வேறு காசைக் கோயில் உண்டியலில் போட்டுவிட்டு, அம்மனிடம் மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றேன்.

நேற்றுத்தான் புது ஹிட்சோடு முதல் ஓட்டம். ஹரோவில் ஒரு கலியாணம். வெளிக்கிட முதல் இவர் கைப்பிடியைப் பார்த்தார், நான் பார்த்தேன், துஷ்யாவும் வந்து பார்த்து, "இட்ஸ் இன்" என்றாள். மூன்று பேரும் பார்த்த பிறகுதான் சில்லு உருண்டது. ஒன்பது மணி தாண்டி ராகுகாலம் தொடங்கிவிட்டது. இவர் மணிக்கூட்டைப் பார்த்துவிட்டு றோட்டைப் பார்த்தார். 

ஹோல் வாசலில் வளைவு வந்தது. ஒடுங்கின இடம். பின்னால் இரண்டு கார். நான் உடம்பைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த மூலை முன்பு வந்த மாதிரியே வந்தது. வெள்ளைத் தகரம், அதில் மழையில் ஓடின ஊத்தைக் கோடுகள், ஒரு ஆணி. எல்லாம் பெரிதாகிக்கொண்டு வந்தது. நீங்கள் எழுதியதும் கடைக்காரர் காட்டியதும் ஒன்றும் எனக்கு ஞாபகத்தில் இல்லை.  கீழே எங்கேயோ இரும்பு இரும்போடு உரசி முனகியது. மூலை வந்துகொண்டே விலகியது. அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. திரும்பிக்கொண்டு, அதே நேரம் பின்னுக்கும் போனது. கண்ணாடிக்கும் அதற்கும் இடையில் என் கை நுழைகிற அளவு இடம் இருந்தது. அந்த இடத்துக்குள்ளால் மழை விழுந்தது.

"இருக்கிறீரே?" என்று இவர் முன்னால் இருந்து கேட்டார். திரும்பிப் பார்க்கவில்லை, கண் றோட்டில் இருந்தது. குரல் நடுங்கியது. நான் மட்டும்தான் பயப்படுகிறேன் என்று நினைத்திருந்தேன்.

"இருக்கிறன்" என்றேன். "ஓடுங்கோ."

குமுது